சென்டர் ஸ்டாண்ட் இல்லாத வண்டிக்கு எந்த ஸ்டாண்ட்?

வணக்கம். சென்டர் ஸ்டாண்ட் இல்லாத உங்கள் வண்டியில் செயினைச் சுத்தம் செய்யவும் பின்சக்கரத்தைக் கழற்றவும், தனியாளாகத் தூக்கக்கூடிய ஸ்டாண்ட் எது என்று கேட்டிருந்தீர்கள். பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தும் பின்பக்க பேடாக் ஸ்டாண்ட் ஒன்றே போதும். முன்பக்கத்துக்கு இப்போது தேவையில்லை. ஸ்விங்ஆர்மில் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை) ஸ்பூல் (ஸ்டாண்ட் பற்றிக்கொள்ளும் சிறு உருளை) பொருத்தும் திருகுதுளை இருந்தால், ஸ்பூலைப் பற்றும் கொக்கி வகையையே தேர்ந்தெடுங்கள். ஏனெனில் ஸ்விங்ஆர்மை அடியிலிருந்து தாங்கும் மற்ற வகையில், ரப்பர் தாங்கிகளின் மேல் வண்டி நழுவ இடமுண்டு, தனியாகத் தூக்கும்போது மறுபக்கம் பிடிக்க ஒருவரும் இருக்கமாட்டார். துளை எம்6, எம்8, எம்10 (6, 8, 10 மி.மீ. திருகு) என வண்டிக்கு வண்டி மாறும் என்பதால், அளவை உறுதிசெய்தபின் ஸ்பூல் வாங்குங்கள்.

சமதளமான கெட்டித் தரையில், சைடு ஸ்டாண்டை மடக்காமலே தூக்குங்கள். பின்சக்கரத்தைக் கழற்றுவதானால், அதன் அச்சு நட்டைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே தளர்த்திவிடுங்கள். ஸ்டாண்டின் மேல் நிறுத்தியபின் அவ்வளவு விசை கொடுத்தால் வண்டி சாயக்கூடும். செயினைத் துடைக்கையில் எஞ்சினை ஓடவிடவே வேண்டாம், சக்கரத்தைக் கையால் மட்டும் சுழற்றுங்கள்.