கடற்கரையில் போன் வீடியோ எடுத்தால் முகம் கருக்கிறது, இரவில் கோடு ஓடுகிறது. என்ன செய்யலாம்?

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் ஒரு நிமிட வீடியோ எடுத்துப் பழகுவதாகவும், முகம் கருத்துப்போவது, நடுவில் வெளிச்சம் ஏறி இறங்குவது, இரவில் கோடு ஓடுவது என மூன்று தொல்லை இருப்பதாகவும் கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் புது போன் வேண்டாம்.

நம் கடல் கிழக்கே. காலை ஆறரைக்கு ஆளுக்குப் பின்னால் கடலை வைத்தால் சூரியன் நேரே லென்ஸுக்குள் வரும். போன் வானத்துக்கேற்ப வெளிச்சத்தைக் குறைக்கும், முகம் இருண்டுவிடும். அதே இடத்தில் மாலை நாலரைக்கு எடுங்கள், வெயில் முகத்தில் விழும். காலையில்தான் முடியும் என்றால் ஆளைக் கடல் பார்க்க நிறுத்துங்கள். பின்னால் பழைய கலங்கரை விளக்கம் இருக்கட்டும். உச்சிவெயிலில் கண்ணுக்குக் கீழே நிழல் கட்டும். ஒயிட் டவுன் தெருவில் நிழல் பக்கம் நிறுத்தினால் எதிர்ச்சுவரில் அடிக்கும் வெயில் முகத்துக்குத் திரும்பி வரும். வெள்ளைச் சுவராகப் பாருங்கள்; மஞ்சள் சுவர் என்றால் முகத்திலும் மஞ்சள் ஏறும்.

வெளிச்சம் ஏறி இறங்குவது, போன் தானாகவே அளவை மாற்றும் ஆட்டோ மோடின் வேலை. பதிவைத் தொடங்குமுன் திரையில் முகத்தின் மேல் இரண்டு மூன்று விநாடி விரலை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்சமும் மாறாமல் லாக் ஆகும். பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கொஞ்சம் கீழே இழுங்கள். சற்று இருட்டாக இருந்தால் எடிட்டில் தூக்கிவிடலாம், வெளுத்துப்போன வானத்தில் மேகத்தை மீட்க முடியாது. ஆள் முன்னே பின்னே நகர்ந்தால் ஃபோகஸ் விட்டுப்போகும், மறுபடி லாக் போடுங்கள்.

இரவுக் கோட்டுக்குக் காரணம் விளக்கு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதில் எரியும் விளக்கு விநாடிக்கு 100 முறை மினுக்கும். ஷட்டர், அதாவது ஒரு ஃபிரேமுக்கு (வீடியோவின் ஒரு படத்துக்கு) வெளிச்சம் வாங்கும் நேரம், 1/60 விநாடி என்றால் இரண்டும் ஒத்துப்போகாது. அளவுகளை நாமே வைக்கும் ப்ரோ மோடில் 1/50 அல்லது 1/100 வையுங்கள். ஐபோன் என்றால் கேமரா செட்டிங்கில் PAL ஃபார்மட்டை இயக்கி விநாடிக்கு 25 ஃபிரேமில் எடுங்கள். சில எல்இடி போர்டுகள் வேறு வேகத்தில் மினுக்கும். அவை படத்தில் வராதபடி போனைத் திருப்புவதே வழி. இரவில் 60 ஃபிரேம் வேண்டாம், ஒவ்வொரு ஃபிரேமுக்கும் வெளிச்சம் போதாமல் புள்ளி புள்ளியாக வரும்.

கை ஆடினால் முழங்கைகளை விலாவோடு ஒட்டி இரு கையாலும் பிடியுங்கள். விரலால் ஜூம் இழுக்காதீர்கள், நடந்து கிட்டே போங்கள். ஒவ்வொரு ஷாட்டையும் ஐந்து விநாடியாவது அசையாமல் பிடித்தால்தான் வெட்ட இடமிருக்கும். கடற்காற்றில் போன் மைக் இரைச்சலைத்தான் பிடிக்கும். பேச்சை அறையில் தனியாகப் பதிந்து சேர்ப்பது மேல்.

இன்னொன்று, கேட்காததும் சொல்கிறேன். பாறைப் பக்கம் பத்து நிமிடம் நின்றாலே லென்ஸில் உப்பு படியும், தெருவிளக்கைச் சுற்றிப் புகைபோல வளையம் தெரியும். சட்டை நுனியால் தேய்த்தால் உப்பு இழுபட்டு இன்னும் பரவும். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால் ஒற்றி எடுத்து, பிறகு உலர்ந்த துணியால் துடையுங்கள்.