புல்தரையில் எழும்பத் திணறும் விமானம்

கேள்வி: ஐயா, நான் இங்கிலாந்தில் ஷ்ரோப்ஷயர் பக்கம் இருக்கிறேன். நண்பரும் நானும் கிட் வாங்கி, வீட்டுக் கராஜில் வைத்தே இரண்டு இருக்கை விமானம் ஒன்றைக் கட்டி முடித்தோம். மூக்குச் சக்கரம் உள்ள வகை. ரோட்டாக்ஸ் 912 எஞ்சின், 80 குதிரைத்திறன். முழு எடை 560 கிலோ. தார் ஓடுபாதையில் 15 மீட்டர் உயரத்தை எட்ட 300 மீட்டர் போதும் என்கிறது கையேடு. ஆனால் நாங்கள் பறப்பது ஒரு விவசாயியின் நிலத்தில். 480 மீட்டர் புல்தரை, ஒரு திசையில் 2 சதவீத ஏற்றம், கோடியில் செடிவேலி. மழை பெய்த மறுநாள் இருவரும் ஏறினால், வேலி நெருங்க நெருங்க வயிற்றைக் கலக்குகிறது. 100 குதிரைத்திறன் எஞ்சினுக்கு மாறிவிடலாமா? விமானத்தைக் கயிற்றால் கட்டி நிறுத்தி முழு திராட்டில் (எஞ்சின் சக்தியைக் கூட்டும் நெம்புகோல்) கொடுத்தால், எஞ்சின் நிமிடத்துக்கு 4,800 சுற்றுதான் காட்டுகிறது.
– வாசகர், ஷ்ரோப்ஷயர்

பதில்: இப்போதைக்கு எஞ்சினை மாற்ற வேண்டாம். நீங்கள் கடைசியாகப் போகிற போக்கில் சொன்ன 4,800 சுற்றில்தான் பாதி விஷயம் இருக்கிறது. உங்கள் எஞ்சின் 80 குதிரைத்திறனைத் தருவது 5,800 சுற்றில். 4,800-லேயே அது நின்றுவிட்டால், காசு கொடுத்து வாங்கிய சக்தியில் ஒரு பங்கு ஓடுபாதையில் உங்களுக்குக் கிடைக்கவே இல்லை. அந்த நிலையில் 100 குதிரைத்திறன் எஞ்சினைப் பூட்டினாலும் இதே வியாதி கூடவே வரும்.

முதலில் சின்னச் சின்ன சந்தேகங்களைத் தீர்த்துக்கொள்ளுங்கள். திராட்டிலை முழுக்கத் தள்ளும்போது இரண்டு கார்புரேட்டர்களின் நெம்புகோல்களும் கடைசிவரை போய் முட்டுகின்றனவா? ஒருவர் உள்ளே உட்கார்ந்து தள்ள, இன்னொருவர் எஞ்சின் மேல்மூடியான கௌலிங்கைக் கழற்றிவிட்டுக் கண்ணால் பார்க்க வேண்டும். எஞ்சின் ஓடாதபோதுதான் இந்தச் சோதனை. சுற்று காட்டும் மீட்டர் பொய் சொல்கிறதா என்பதையும் இன்னொரு கருவி வைத்து ஒத்துப் பாருங்கள். இரண்டும் சரி என்றால் குற்றவாளி புரொப்பெல்லர்தான். இதழ்களின் கோணம் அதிகமாக இருக்கிறது. மேலே போய் வேகமாகப் பறக்க அது நல்லது. புல்லில் ஓடிக் கிளம்ப அது ஆகாது.

தரையில் நிறுத்திக் கோணம் மாற்றக்கூடிய புரொப்பெல்லர் என்றால் ஒரு நாள் வேலை. இக்னிஷனை அணைத்து, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். நடு மையத்திலிருந்து இதழ் நுனி வரையிலான தூரத்தில் முக்கால் பங்கில் ஒரு கோடு போட்டு, டிஜிட்டல் கோணமானியை எப்போதும் அதே கோட்டில் வையுங்கள். அரை டிகிரி குறையுங்கள், அதற்கு மேல் ஒரே தடவையில் வேண்டாம். எல்லா இதழ்களும் ஒரே கோணத்தில் இருக்க வேண்டும். ஒன்று பிசகினாலும் விமானமே அதிரும். போல்ட்டுகளைத் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு முறுக்கி, வாலைக் கெட்டியான ஒரு கம்பத்தில் கட்டி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து ஓட்டிப் பாருங்கள். நின்ற இடத்தில் 5,200-ஐ ஒட்டி வந்தால் நல்லது. அப்புறம் பறந்து சரிபார்க்க வேண்டும்: சமமாகப் பறக்கும்போது முழு திராட்டிலிலும் 5,800-ஐத் தாண்டக் கூடாது. அந்தச் சுற்றில் ஐந்து நிமிடம்தான் அனுமதி. தொடர்ந்து ஓட்ட 5,500 வரைதான். பயண வேகத்தில் சில நாட் (விமான வேகத்தின் அலகு) குறையும். புல்லில் பறப்பவர் அதைப் பெரிதாக நினைக்கக் கூடாது என்பது என் கருத்து. வேலையைத் தொடங்கும் முன் உங்கள் இலகு விமானச் சங்கத்தின் ஆய்வாளரிடம் சொல்லிவிடுங்கள். பதிவேட்டில் ஏற வேண்டிய விஷயம் இது.

இனி புல்லுக்கு வருவோம். 560 கிலோ விமானம் தார் மேல் உருள 14 கிலோ அளவு விசை போதும். வெட்டிய, காய்ந்த புல்லில் அதுவே ஏறத்தாழ 28 ஆகும். ஈரமான உயரப் புல்லில் 56-ஐத் தொடும். நின்ற இடத்தில் உங்கள் புரொப்பெல்லர் 150 கிலோ இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புல்லே தின்றுவிடுகிறது. ஆகவே விவசாயியிடம் பேசிப் புல்லை அடிக்கடி வெட்ட வைப்பது எஞ்சின் மாற்றுவதைவிட மலிவான வைத்தியம். வசந்த காலத்தில் ஒரு முறை ரோலர் ஓட்டினால் இன்னும் நல்லது. மழைக் காலத்தில் சக்கர உறைகளைக் கழற்றி வைத்துவிடுங்கள், உள்ளே சேறும் புல்லும் அடைத்துக்கொண்டு பிரேக் மாதிரி பிடிக்கும். ஆனால் உறை இல்லாமல் பறக்க அனுமதி இருக்கிறதா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது கணக்கு. பிரிட்டிஷ் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் பாதுகாப்புக் குறிப்பேடு சொல்லும் பெருக்கெண்கள் இவை: 20 சென்டிமீட்டர் வரையான காய்ந்த புல்லுக்கு 1.2, ஈரப் புல்லுக்கு 1.3, 2 சதவீத ஏற்றத்துக்கு 1.1, வெப்பநிலை 10 டிகிரி கூடினால் 1.1. கடைசியில் பாதுகாப்புக்கு 1.33. இவற்றைக் கூட்டக் கூடாது, பெருக்க வேண்டும். உங்கள் 300 மீட்டரை ஈரம், ஏற்றம், பாதுகாப்பு மூன்றாலும் பெருக்கினால் 571 மீட்டர். உங்களிடம் இருப்பது 480! வயிறு கலங்குவதற்கு நியாயமான காரணம் இருக்கிறது.

எடை 10 சதவீதம் கூடினால் தூரம் 20 சதவீதம் கூடும், குறைந்தால் குறையும். நீங்கள் தனியாக, 450 கிலோவில் கிளம்பினால் அதே ஈரத்தில், அதே ஏற்றத்தில் சுமார் 365 மீட்டர் போதும். 80 லிட்டருக்குப் பதில் 40 லிட்டர் பெட்ரோலோடு போனாலே 29 கிலோ மிச்சம். எதிர்த்திசையில், இறக்கத்தில் கிளம்பலாமே என்று தோன்றும். காற்றைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். எழும்பும் வேகத்தில் பத்தில் ஒரு பங்கு, அதாவது நான்கைந்து நாட் பின்காற்று இருந்தாலே தூரம் 20 சதவீதம் கூடும். இறக்கத்தில் கிடைக்கும் லாபத்தை அது விழுங்கிவிடும்.

ஓட்டும் முறையில் இரண்டு விஷயம். எஞ்சின் சோதனையைக் காய்ந்த இடத்தில் முடித்துவிட்டு, ஈரப் புல்லில் நிற்காமல் உருண்டபடியே திராட்டிலைக் கொடுங்கள். ஸ்டிக்கை, அதாவது மூக்கை ஏற்றி இறக்கும் கைப்பிடியை, பின்னால் இழுத்து மூக்குச் சக்கரத்தின் பாரத்தைக் குறையுங்கள். மூக்கு லேசானதும் கொஞ்சம் தளர்த்துங்கள். அதிகம் தூக்கினால் இறக்கையே தடையாகிவிடும், வேகம் ஏறாது. சக்கரம் தரையை விட்டதும் ஒன்றிரண்டு மீட்டர் உயரத்திலேயே வைத்து, ஏறும் வேகம் வரும்வரை பொறுங்கள். தரையை ஒட்டிப் பறக்க முடிகிற வேகத்தில் மேலே ஏற முடியாது. வேலியைப் பார்த்துப் பயந்து ஸ்டிக்கை இழுப்பவர்கள் ஸ்டால் ஆவது, அதாவது இறக்கை தூக்கும் சக்தியை இழப்பது, இங்கேதான்.

இதைக் கட்டாயம் செய்யுங்கள். ஓடுபாதையின் சரிபாதியில், ஓரமாக, கண்ணில் படும் அடையாளம் ஒன்றை வையுங்கள். அதைக் கடக்கும்போது எழும்பும் வேகத்தில் 70 சதவீதம், 45 நாட்டில் எழும்பும் விமானம் என்றால் 32 நாட், வந்திருக்க வேண்டும். வராவிட்டால் திராட்டிலை மூடுங்கள், பேச்சே வேண்டாம். ஈரப் புல்லில் பிரேக் சரியாகப் பிடிக்காது என்பதால், அன்று முடிவை இன்னும் முன்னாலேயே எடுக்க வேண்டும். பக்கத்தில் இருக்கும் நண்பர் வேகத்தை உரக்கச் சொல்லட்டும்.

புரொப்பெல்லரைச் சரிசெய்து, அமைதியான ஒரு நாளில், தனியாக, காய்ந்த புல்லில் எத்தனை மீட்டரில் எழும்புகிறது என்று அளந்து எனக்கு எழுதுங்கள். 100 குதிரைத்திறனைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.

கேள்வி: இந்தக் காலத்திலும் புல் ஓடுபாதையா? தார் போட்டால் என்ன?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: செலவுதான் முதல் காரணம். ஆனால் நல்ல புல்தரை சிறு விமானத்துக்கு இதமானதும்கூட. டயர் தேயாது, வால் சக்கர விமானங்கள் தார் மேல் ஓடுவதைவிடப் புல்லில் அடங்கி நடக்கும். 1940-இல் பிரிட்டனைக் காத்த ஸ்பிட்ஃபயர்கள் பலவும் புல் மைதானங்களிலிருந்துதான் கிளம்பின. பெட்ஃபோர்டுஷயரில் ஷட்டில்வொர்த் சேகரிப்பின் பழைய விமானங்கள் இன்றும் ஓல்டு வார்டன் புல்தரையிலிருந்துதான் பறக்கின்றன.