இங்கிலாந்தின் மலைப்பகுதியான லேக் டிஸ்ட்ரிக்ட் பக்கம் குடிவந்திருக்கிறேன். சாலையில் ஓடிப் பழக்கம் உண்டு. ஃபெல் ரன்னிங், அதாவது இங்குள்ள குன்றுகளில் ஏறி இறங்கும் மலையோட்டம், தொடங்க என்ன தெரிந்திருக்க வேண்டும்?

கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம் என்கிற கணக்கை முதலில் மறந்துவிடுங்கள். இங்கே ஏற்றம்தான் எல்லாம். போட்டிப் பெயருக்குப் பக்கத்தில் 'ஏஎஸ்', 'பிஎம்' என்று போட்டிருப்பார்கள். ஏ என்றால் கிலோமீட்டருக்குச் சராசரியாக 50 மீட்டராவது ஏற வேண்டும். பி என்றால் 25, சி என்றால் 20. அடுத்த எழுத்து நீளம்: எஸ் 10 கி.மீ. வரை, எம் 20-க்குள், எல் அதற்கு மேல். முதல் போட்டிக்கு பிஎஸ் போதும். 'ஆறு கிலோமீட்டர்தானே' என்று ஏஎஸ்-இல் பெயர் கொடுப்பவர்கள் பாதி ஏற்றத்திலேயே மூச்சு வாங்கி நிற்பார்கள்.

செங்குத்தான இடத்தில் முன்னணி ஆட்களே தொடையில் கையை ஊன்றி நடப்பார்கள், அதனால் நடக்கக் கூச்சப்படாதீர்கள். சாலைக்காரர்கள் கோட்டைவிடுவது இறக்கத்தில். பயந்து உடம்பைப் பின்னால் சாய்த்தால் எடை குதிகாலுக்குப் போகும். ஈரப் புல்லில் அது வழுக்கி உட்கார வைத்துவிடும். இடுப்பு பாதத்துக்கு மேலேயே இருக்கட்டும். அடியைச் சிறிதாக, வேகமாக வையுங்கள், கைகளை விரித்துக்கொள்ளுங்கள், பார்வை மூன்று நான்கு மீட்டர் முன்னால். ஷூவின் அடியில் ஆழமான ரப்பர் குமிழ்கள் வேண்டும். மெத்தை தடித்த சாலை ஷூ சரிவில் கணுக்காலைப் பிசகச் செய்யும். குமிழ் ஷூவும் ஈரப் பாறையில் வழுக்கும், அதற்கு மருந்து நிதானம்தான்.

தையல் ஒட்டிய, தலைமூடியுள்ள மழைச்சட்டை, மழைக்கால்சட்டை, தொப்பி, கையுறை, வரைபடம், திசைகாட்டி, விசில், அவசரத்துக்குக் கொஞ்சம் தின்பண்டம். ஜூலை வெயிலிலும் இவை பையில் இருக்கட்டும். பல போட்டிகளில் பாதைக்குக் கொடி நட மாட்டார்கள். சோதனைப் புள்ளிகளை மட்டும் சொல்வார்கள், நடுவே வழி உங்கள் பொறுப்பு. மேகத்துக்குள் நுழைவதற்கு முன்பே போக வேண்டிய திசையின் கோணத்தைத் திசைகாட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் போகிறவரை நம்பிப் பின்தொடர்ந்தால், அவரும் வழி தெரியாமல்தான் ஓடிக்கொண்டிருப்பார்.

மன்னிக்கவே மாட்டார்கள் என்று ஒரு தவறு உண்டு: பாதியில் விலகி, சொல்லாமல் வீட்டுக்குப் போவது. எண்ணிக்கையில் ஓர் ஆள் குறைந்தால், சம்பளமில்லாத மலை மீட்புத் தன்னார்வலர்கள் இருட்டில் தேடக் கிளம்ப வேண்டும். விலகினால் முடிவிடத்துக்கு வந்து பெயரைச் சொல்லிவிட்டுப் போங்கள்.

நுழைவுக் கட்டணம் குறைவு. உச்சியில் மழையில் நின்று எண் குறிப்பவர்கள் கிளப் ஆட்களே என்பதுதான் காரணம். வருடத்தில் சில நாளாவது நீங்களும் நில்லுங்கள். இன்னொரு வழி பாப் கிரஹாம் சுற்றுக்கு உதவுவது. கெசிக் ஊரில் தங்கும் விடுதி நடத்திய பாப் கிரஹாம் 1932-இல் 42 சிகரங்களை 24 மணி நேரத்துக்குள் சுற்றி வந்தார். சுமார் 106 கி.மீ., 8,200 மீட்டர் ஏற்றம். இன்றும் அதை முடித்து அதற்கான கிளப்பில் சேர, ஒவ்வொரு உச்சியிலும் கூட ஓடிய சாட்சி வேண்டும். சுற்றுக்கு ஐந்து கட்டங்கள். த்ரெல்கெல்ட், டன்மெய்ல் ரெய்ஸ், வாஸ்டேல் ஹெட், ஹானிஸ்டர் ஆகிய இடங்களில் துணை ஆட்கள் மாறுவார்கள். வலச்சுற்றில் ஹானிஸ்டரிலிருந்து வரும் கடைசிக் கட்டம் உங்களுக்குத் தோது: டேல் ஹெட், ஹிண்ட்ஸ்கார்த், ராபின்சன் என மூன்றே உச்சிகள், பிறகு கெசிக் வரை பெரும்பாலும் சாலை. சுற்றை ஓடுபவரின் மாற்றுச் சட்டையும் தண்ணீரும் உங்கள் பையில் இருக்கட்டும். இனிப்பு அவருக்கு அதற்குள் திகட்டியிருக்கும், உப்பாக ஏதாவது எடுத்துப் போங்கள்.