ஹெங்தியன் தரகர் நீட்டும் இரண்டு ஒப்பந்தங்கள்: ஹாங்சோவுக்குப் படிக்க வந்திருக்கும் தம்பிக்கு

தம்பி, வாடகை, உணவு, வங்கிக் கணக்கு ஆகிய மூன்றையும் கேட்டுவிட்டு, போகிற போக்கில் நான்காவதாக ஒன்றைக் கேட்டிருக்கிறீர்கள். முதல் மூன்றும் சில மாதங்களில் தாமாகவே பழகிவிடும். வீடு மாறினால் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் பதிவு செய்துவிடுங்கள். மற்றவற்றை உங்கள் மூத்த மாணவர்களே சொல்லித் தருவார்கள். ஹெங்தியன் என்ற படப்பிடிப்பு நகரில் எடுக்கும் தொடர்களில் சிறு வேடமும், இணைய நேரலையில் பொருள் விற்கும் நேரலை விற்பனையில் முகம் காட்டும் வேலையும் வாங்கித் தருவதாகச் சொல்லும் தரகர், சம்பளத்தைக் கணக்கில் காட்ட ஓர் ஒப்பந்தமும் உண்மையில் தருவதற்கு வேறோர் ஒப்பந்தமும் எழுதலாம் என்றாராமே, அதைப் பற்றித்தான் எனக்குப் பேச வேண்டியிருக்கிறது.

அந்த ஏற்பாட்டுக்கு இங்கே "யின்-யாங் ஒப்பந்தம்" என்று பெயர். 2018 மே மாதம் தொலைக்காட்சித் தொகுப்பாளர் சூய் யோங்யுவான் அத்தகைய தாள்களை இணையத்தில் வெளியிட்டார். அதன்பின் சீனாவின் முதல் வரிசை நடிகையான ஃபான் பிங்பிங் மாதக்கணக்கில் பொதுவெளியிலேயே தென்படவில்லை. எங்கே இருக்கிறார் என்று எந்த அலுவலகமும் சொல்லவில்லை. அக்டோபரில் வரித்துறையின் அறிவிப்பு வந்தபோதுதான் விவரம் தெரிந்தது: ஒரு படத்துக்கு 3 கோடி யுவான் வாங்கிவிட்டு 1 கோடிக்கு மட்டும் வரி கட்டியிருந்தார். பிற நிலுவைகளும் அபராதமும் சேர்ந்து, அவரும் அவருடைய நிறுவனங்களும் கட்ட வேண்டிய தொகை 88 கோடி யுவானைத் தாண்டியது. கணக்குத் தாள்களை அழிக்கச் சொன்ன அவருடைய முகவர் கைதானார். வூசி நகர வரி அதிகாரிகள் சிலர்மீதும் ஒழுங்கு நடவடிக்கை பாய்ந்தது. முதல் முறை பிடிபட்டவர் முழுத் தொகையையும் கட்டிவிட்டால் குற்ற வழக்கு இல்லை என்று சட்டத்திருத்தம் வந்திருந்ததால் ஃபான் சிறைக்குப் போகவில்லை. அந்தத் திருத்தத்துக்கு முன், 2002 இல் வரி ஏய்ப்பு வழக்கில் கைதான நடிகை லியு சியாவ்சிங் ஓர் ஆண்டுக்கு மேல் உள்ளே இருந்தார்.

பணம் போனதைவிட எனக்கு உறுத்துவது, ஓர் ஆளின் பெயரையே அழித்துவிட முடிகிற அதிகாரம். 2021 ஆகஸ்டில் சாவ் வெய் என்ற நடிகையின் பெயர் ஒரே இரவில் இணையத் தளங்களின் நடிகர் பட்டியல்களிலிருந்து நீங்கியது. அவர் நடித்த தொடர்கள் சில காணாமலே போயின. காரணம் எதுவும் அறிவிக்கப்படவில்லை. என் கடைப் பணிப்பெண் சிறு வயது முதல் அவருடைய ரசிகை. மறுநாள் காலை அதைப் பற்றிக் கேட்டபோது தலையை ஆட்டிவிட்டு பேச்சை மாற்றிவிட்டாள். அதே மாதத்தில் செங் ஷுவாங் என்ற இளம் நடிகைக்கு வரி நிலுவையும் அபராதமுமாக 29.9 கோடி யுவான் விதிக்கப்பட்டது. ஒரு தொடரில் 77 நாள் நடிக்க அவருக்குப் பேசப்பட்டது 16 கோடி. ஒரு நாளைக்கு ஏறத்தாழ 20.8 லட்சம் என்று கணக்குப் போட்டு ஊரே கொதித்தது. அவ்வளவு தொகையைத் தரச் சம்மதித்தவர்களைப் பற்றி என் சந்தையில் யாரும் கொதித்ததை நான் கேட்கவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் நேரலை விற்பனையின் அரசி எனப்பட்ட வேய்யாவுக்கு விதிக்கப்பட்ட தொகை 134 கோடி யுவான். அன்றே அவருடைய கணக்குகள் எல்லாத் தளங்களிலும் மறைந்தன. உங்களுக்குச் சொல்லப்படும் வேலையும் நேரலை விற்பனைதான் என்பதால் இதை எழுதுகிறேன்.

வெளிநாட்டுக் கடவுச்சீட்டு இருந்தால் தப்பிக்கலாம் என்று நம்மவர்களில் சிலர் பேசுவார்கள். கனடாக் குடிமகனான பாடகர் கிறிஸ் வூ பாலியல் வன்முறை வழக்கில் 2022 நவம்பரில் 13 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். வரி ஏய்ப்புக்காக 60 கோடி யுவான் தனி.

நான் வாழும் யீவு நகரும் ஹெங்தியன் அமைந்திருக்கும் தோங்யாங்கும் ஜின்ஹுவா என்ற ஒரே நிர்வாகத்துக்கு உட்பட்டவை. அபினிப் போரைப் பற்றிய படத்துக்காக 1996 இல் அங்கே ஒரு பழைய தெருவை எழுப்பினார்கள். இப்போது பெய்ஜிங் அரண்மனையின் நகலே நிற்கிறது. கொள்முதல் முகவரிடம் எடுபிடியாக நான் வந்த புதிதில், உடன் தங்கியிருந்தவரோடு அங்கே வேடிக்கை பார்க்கப் போனேன். பழைய ஷாங்காயின் சர்வதேசக் குடியிருப்பில் இந்தியக் காவலராகத் தலைப்பாகை கட்டி நிற்க ஆள் வேண்டும் என்று என் தோளைத் தொட்டு அழைத்தார்கள். மறுத்துவிட்டு, சீனத்து கிராமங்களிலிருந்து வந்திருந்த பையன்கள் வெயிலில் பிண வேடத்தில் படுத்திருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாள் கூலி நூறு யுவானை ஒட்டியது. ஆள் சேர்க்கும் குழுத்தலைவர் அதிலும் தன் பங்கை எடுத்துக்கொண்டுதான் கொடுத்தார். அந்தப் பையன்களோடு உட்கார்ந்து பெட்டிச் சோறு தின்றபடிதான் நான் முதலில் சீனம் பேசப் பழகினேன். இன்று ஒப்பந்தத்தைச் சீனத்திலேயே வாசித்து வரிக்கு வரி வாதாடுகிறேன். சாம்பார்ப் பொடி தீர்ந்தால் ஊருக்கே போய்விடுவதாகப் புலம்பிக்கொண்டு பத்தாண்டு ஓட்டிய நம்மவர்களுக்கு இது பிடிப்பதில்லை.

தரகர்களில் என்னை அதிகம் எரிச்சலூட்டுபவர்கள் சீனர்கள் அல்லர். ஓரிரு தொடர்களில் முகம் தெரிந்ததும் நட்சத்திரமாகிவிட்டதாகப் படம் போட்டு, பின்னால் வரும் மாணவர்களை அதே ஆட்களிடம் கமிஷனுக்கு அனுப்பிவைக்கும் நம் நாட்டுப் பிள்ளைகள்தான். மாணவர் விசாவில் கல்லூரியின் சம்மதமும் குடிநுழைவு அலுவலகத்தின் குறிப்பும் இல்லாமல் வேலை செய்தால் 5,000 முதல் 20,000 யுவான் வரை அபராதம். மீறல் கடுமையானால் 5 முதல் 15 நாள் காவலும் உண்டு. அதற்கு மேல் நாடு கடத்தவும் முடியும். இதை அவர்கள் சொல்வதில்லை. படப்பிடிப்பு தாய்லாந்தில் என்று யாராவது சொன்னால் பேச்சையே நிறுத்திவிடுங்கள். 2025 ஜனவரியில் அப்படி நம்பிப் போன சீன நடிகர் வாங் சிங், எல்லை தாண்டி மியான்மரின் மியாவடியில் இருக்கும் இணைய மோசடிக் கூடத்துக்குக் கொண்டுபோகப்பட்டார். அவருடைய காதலி இணையத்தில் முறையிட்டு நாடே பேசியதால் சில நாட்களில் மீண்டார். உங்களுக்காக இங்கே யார் அப்படி எழுதுவார்கள்?

தரகரிடம் இரண்டாவது தாளைப் பற்றி வாதாட வேண்டாம். எந்த நிறுவனத்தின் பெயரில் வேலை அனுமதி எடுத்துத் தருவார் என்று மட்டும் எழுத்தில் கேளுங்கள். பதில் வரும்வரை கடவுச்சீட்டின் நகலை அனுப்பாதீர்கள்.