பெரியப்பாவின் பெரெட், தம்பியின் பெரெட் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். தீபாவளியன்று எங்கள் வீட்டில் நடந்த ஒரு சண்டைக்குத் தீர்ப்புக் கேட்டு எழுதுகிறேன். என் தம்பி கல்லூரியில் படிக்கிறான். சே குவேரா படம் போட்ட சட்டை அவனிடம் ஏற்கெனவே உண்டு. இம்முறை நட்சத்திரம் குத்திய, விளிம்பில்லாத வட்டமான கறுப்புப் பெரெட் தொப்பி ஒன்றையும் இணையத்தில் வாங்கி அணிந்துகொண்டு கூடத்தில் வந்து நின்றான். எங்கள் பெரியப்பா ராணுவக் கமாண்டோ பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவர். “கழற்று. அது கடையில் வாங்குவதில்லை, உடம்பு நொந்து சம்பாதிப்பது” என்றார். தம்பி விடவில்லை. “இது ஏழைகளின் தொப்பி. ராணுவம்தான் அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டது” என்றான். பெரியப்பா சாப்பிடாமலேயே கிளம்பிவிட்டார். அம்மா இன்னும் என் தம்பியோடு சரியாகப் பேசவில்லை.

இன்னொன்று. எங்கள் கொள்ளுத்தாத்தா நேதாஜியின் படையில் இருந்தவர். சீருடையில் அவர் நிற்கும் மங்கலான படம் ஒன்று வீட்டில் இருக்கிறது. அவர் தலையில் இருப்பதும் பெரெட்தான் என்கிறான் தம்பி. அப்படியா?

உங்கள் வாசகி,
செந்தூல், கோலாலம்பூர்

அன்புள்ள தங்கைக்கு,

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தம்பி தொப்பியை வைத்துக்கொள்ளலாம். நட்சத்திரத்தைக் கழற்றிவிட வேண்டும். இது இருவருக்குமே பிடிக்கப்போவதில்லை.

தொப்பியின் பிறப்பை மட்டும் பார்த்தால் நியாயம் தம்பி பக்கம்தான். பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவே கிடக்கும் பிரனீஸ் மலைத்தொடரில் ஆடு மேய்த்தவர்கள் அணிந்தது அது. ஆட்டு ரோமத்தை நூலாக்கி, தலையைவிடப் பெரிதாக வட்டமாகப் பின்னி, வெந்நீரில் ஊறவைத்து அடிப்பார்கள். அடிக்க அடிக்க ரோம இழைகள் ஒன்றோடொன்று சிக்கி இறுகும், பின்னலின் கண்கள் மறைந்துபோகும், மழைத்தண்ணீர் சுலபத்தில் இறங்காத தடித்த துணி கிடைக்கும். 19ஆம் நூற்றாண்டில் இது ஆலைத்தொழில் ஆனது. பிரான்சின் ஓலோரோன்-சேன்ட்-மாரி என்ற ஊரில் 1840இல் தொடங்கிய லோலேர் நிறுவனம் இன்றும் பெரெட் செய்துகொண்டிருக்கிறது.

ஆனால் “ஏழைகளின் தொப்பி” என்று தம்பி கொடி பிடிப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 1830களில் ஸ்பெயினில் சிவப்புப் பெரெட்டைப் போராட்டச் சின்னமாக்கியவர்கள் கார்லிஸ்டுகள். அவர்கள் புரட்சிக்காரர்கள் அல்லர். மன்னராட்சிக்கும் திருச்சபைக்கும் உயிரைக் கொடுக்கத் துணிந்த பழமைவாதிகள். பிற்காலத்தில் சதாம் உசேனும் கறுப்புப் பெரெட் அணிந்தார். வெனிசுலாவில் 1992இல் ஆட்சியைக் கவிழ்க்க முயன்று தோற்ற ஊகோ சாவெஸ் சிவப்புப் பெரெட்டோடு தொலைக்காட்சியில் தோன்றினார். பின்னர் தேர்தலில் வென்று ஆட்சிக்கு வந்த பிறகும் அதை விடவில்லை. இந்தத் தொப்பிக்குக் கட்சி கிடையாது.

ராணுவம் இதை எடுத்துக்கொண்டதற்குக் காரணமும் வீரம் அல்ல, வசதிதான். 1880களின் இறுதியில் பிரான்சின் மலைப்படை பெரெட்டை ஏற்றது. அவர்களுடையது ஆப்பம் கவிழ்த்ததுபோல் ஓரம் தொங்கும் பெரிய தொப்பி. அதைப் பார்த்த பிரிட்டிஷ் டாங்கிப் படையின் தளபதி ஹியூ எல்லிஸுக்கு ஒரு யோசனை வந்தது. டாங்கிக்குள் விளிம்பு வைத்த தொப்பியோடு உட்கார முடியாது. குனிந்தால் இடிக்கும், பார்வைத் துளையில் கண்ணை வைக்கவிடாது. பெரெட்டுக்கு விளிம்பே இல்லை. கறுப்பாக இருந்தால் எண்ணெய்க் கறையும் தெரியாது. 1924இல் அது டாங்கிப் படையின் முறையான தொப்பி ஆனது. வெள்ளைக்காரன் போன இடமெல்லாம், நம் மலாயா உட்பட, பெரெட் போய்ச் சேர்ந்தது இந்த வழியில்தான்.

இனி, “சம்பாதிப்பது” என்று பெரியப்பா சொன்னதற்கு வருகிறேன். இரண்டாம் உலகப் போரில் மிகப் புகழ்பெற்ற பெரெட் ஜெனரல் மான்ட்கோமரியுடையது. 1942இல் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் அவர் அணிந்தது கறுப்புப் பெரெட், அதில் இரண்டு சின்னங்கள். ஒன்று ஜெனரலுக்கு உரியது, மற்றொன்று டாங்கிப் படையுடையது. மான்ட்கோமரி காலாட்படைக்காரர், டாங்கிப் படையில் ஒரு நாளும் பணியாற்றியவர் அல்லர். தொப்பியும் சின்னமும் அவருடைய டாங்கியில் இருந்த வீரர்களிடமிருந்து வந்தவை. ஒரே தொப்பியில் இரண்டு சின்னம் குத்துவது சீருடை விதிக்கே புறம்பானது. ஆனாலும் டாங்கி வீரர்கள் கோபப்படவில்லை. தளபதி எங்கே நிற்கிறார் என்று தூரத்திலிருந்தே தெரிந்தது, தங்களில் ஒருவராகவும் தெரிந்தார். பெரியப்பாவின் அளவுகோலை வைத்தால் முதலில் கழற்றச் சொல்ல வேண்டியது அவரைத்தான். யார் சொல்வது?

ஆனால் பெரியப்பாவின் பச்சைப் பெரெட் வேறு வகை, அதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். பிரிட்டிஷ் கமாண்டோக்கள் பச்சை நிறத்தை ஏற்றது 1942இல். இந்தோனேசியாவோடு மோதல் நடந்த காலத்தில், 1965இல், ஜொகூரில் நம் நாட்டின் முதல் சிறப்புப் படைப்பிரிவை உருவாக்கியபோது பயிற்சி கொடுத்தவர்கள் பிரிட்டனின் ராயல் மரீன் கமாண்டோக்கள். பச்சை அவர்கள் வழியாக வந்தது. மலாக்கா சுங்கை ஊடாங் முகாமில் கமாண்டோ அடிப்படைப் பயிற்சியைத் தொடங்குபவர்கள் எல்லாரும் முடிப்பதில்லை. காடு, சதுப்பு, கடல், பசி, தூக்கமின்மை எல்லாவற்றையும் கடந்தவன் தலையில்தான் அந்தத் துணி ஏறுகிறது. அதே நிறத்துத் தொப்பியைப் பேரப்பிள்ளை வயதுப் பையன் ஒருவன் விளையாட்டாக மாட்டிக்கொண்டு வந்தால் அவருக்கு வலிக்கத்தான் செய்யும். தம்பியுடையது கறுப்பு என்பதை அந்தக் கோபத்தில் அவர் கணக்கில் எடுக்கவில்லை.

நிறத்தின் கதையைச் சொன்னால் மலாயாவை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது. போருக்குப் பிறகு கலைக்கப்பட்டிருந்த எஸ்.ஏ.எஸ். என்ற பிரிட்டிஷ் சிறப்புப் படை நிரந்தரப் படைப்பிரிவாக மீண்டும் உயிர்பெற்றதே, கம்யூனிஸ்டுக் கெரில்லாக்களோடு மோதிய அவசரகாலத்தில் நம் காடுகளில்தான். 1950இல் மைக்கேல் கால்வெர்ட் என்ற அதிகாரி திரட்டிய மலாயன் ஸ்கவுட்ஸ் பிரிவிலிருந்து அது வளர்ந்தது. இங்கே இருந்தபோது அவர்களுக்குச் சிவப்புப் பெரெட். 1957இல்தான் பழைய மணல் நிறத்துக்குத் திரும்பினார்கள். பின்னாளில் அவர்களிடம் பயிற்சி பெற்ற நம் காவல்துறையின் வாட் 69 கமாண்டோக்கள் இன்று அணிவதும் மணல் நிறம்தான். இதில் வேடிக்கை என்னவென்றால், காட்டுக்குள் யாரும் பெரெட் அணிந்து போகவில்லை. அங்கே துணிவிளிம்பு வைத்த காட்டுத் தொப்பிதான். நம் வெயிலில் பெரெட் என்பது தலையைப் புழுங்கவைக்கும் கம்பளி. கண்ணுக்கும் நிழல் தராது, பிடரிக்கும் நிழல் தராது. ஜார்ஜ்டவுனில் பகல் பன்னிரண்டு மணிக்குப் பெரெட்டோடு யாராவது நடந்தால் அவர் அணிவகுப்புக்குப் போகிறார், அல்லது கவிதை எழுதுகிறார்.

தொப்பி வேறு, அது சுமக்கும் மதிப்பு வேறு என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பரிசோதனையே நடந்தது. அங்கே ராணுவத்தில் கறுப்புப் பெரெட் ரேஞ்சர் என்ற சிறப்புப் படைக்கு மட்டும் உரியதாக இருந்தது. ராணுவத் தலைமை 2001 ஜூன் முதல் எல்லாச் சிப்பாய்களுக்கும் அதைக் கொடுத்தது. முன்னாள் ரேஞ்சர்கள் ஜார்ஜியாவிலிருந்து வாஷிங்டன் வரை கண்டன நடை நடந்தார்கள். போதாக்குறைக்கு ஒரு பகுதித் தொப்பிகள் சீனாவில் தைத்தவை என்று தெரியவந்து அவற்றைத் திரும்பப் பெற நேர்ந்தது. கடைசியில் ரேஞ்சர்கள் கறுப்பை விட்டுவிட்டு மண் நிறத்துக்கு மாறிக்கொண்டார்கள். அவர்களோடு மதிப்பும் மண் நிறத்துக்குப் போய்விட்டது. 2011இல் சாதாரணச் சிப்பாய்களும் அன்றாடப் பணிக்குப் பெரெட் வேண்டாம் என்று பழைய விளிம்புத் தொப்பிக்கே திரும்பினார்கள்.

ஆகவே நான் போடும் கோடு இதுதான். துணி யாருக்கும் சொந்தமில்லை, சின்னம் சொந்தமானது. ஒரு படைப்பிரிவின் நிறத்தையும் சின்னத்தையும் சேர்த்து அணிந்தால் அது பொய் சொல்வது. போர்வீரன் என்று பிறரை நம்பவைக்கும் நோக்கத்தோடு அப்படி அணிவது நம் நாட்டுத் தண்டனைச் சட்டத்திலும் குற்றம். பினாங்கில் லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தைக்குப் போனால் பழைய நாணயம், கடிகாரங்களுக்கு நடுவே யாரோ ஒருவருடைய ராணுவச் சின்னமும் கிடக்கும். வாங்கி அலமாரியில் வைக்கலாம். தலையில் குத்தக் கூடாது.

இந்தக் கோட்டைத்தான் தம்பியும் தாண்டியிருக்கிறான். சே குவேராவின் தொப்பியில் இருக்கும் நட்சத்திரத்தை அவன் அலங்காரம் என்று நினைத்திருக்கிறான். அது பதவிச் சின்னம். சியரா மாயெஸ்த்ரா மலையில் போரிட்டுக்கொண்டிருந்த மருத்துவரான சே குவேராவை 1957இல் ஃபிடல் காஸ்ட்ரோ கமாண்டான்டே, அதாவது தளபதி, ஆக்கினார், நட்சத்திரம் அதற்கானது. ஆஸ்துமாவோடு மலையேறிச் சம்பாதித்தது. பெரியப்பா சொன்ன வார்த்தை சேவுக்குத்தான் அப்படியே பொருந்துகிறது. சே உயிரோடு இருந்தால் இந்த விஷயத்தில் யார் பக்கம் நிற்பார் என்று தம்பியைக் கொஞ்சம் யோசிக்கச் சொல்லுங்கள்.

அவன் சட்டையில் இருக்கும் படத்தின் கதையும் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1960 மார்ச் 5 அன்று ஹவானாவில் எடுத்தது. முந்தைய நாள் துறைமுகத்தில் ‘லா கூப்ர்’ என்ற சரக்குக் கப்பல் வெடித்துப் பலர் மாண்டிருந்தார்கள். அவர்களுக்கான அஞ்சலிக் கூட்டத்தில், மேடையின் முன்புறம் சில நொடிகள் வந்து நின்ற சே குவேராவை ஆல்பர்தோ கோர்தா என்ற புகைப்படக்காரர் பிடித்தார். அவர் வேலை பார்த்த பத்திரிகை அந்தப் படத்தைப் பயன்படுத்தவில்லை. படம் பல ஆண்டுகள் கோர்தாவின் சுவரில்தான் தொங்கியது. 1967இல் இத்தாலியப் பதிப்பாளர் ஃபெல்த்ரினெல்லி பிரதிகளை வாங்கிச் சென்றார். அந்த அக்டோபரில் சே கொல்லப்பட்டார். சுவரொட்டி உலகம் முழுக்கப் பரவியது. கோர்தாவுக்கு அதில் காசு வரவில்லை. அதற்காக அவர் வருந்தவும் இல்லை. ஆனால் ஒரு வோட்கா விளம்பரத்தில் படத்தைப் போட்டபோது மட்டும் வழக்குப் போட்டார். கிடைத்த 50,000 டாலரைக் கியூபாவின் மருத்துவத்துக்குக் கொடுத்துவிட்டார். தம்பியின் சட்டையை அச்சடித்தவர் யாருக்கு என்ன கொடுத்தார் என்பதை விட்டுவிடுவோம்.

அதே 1967இல் ஹாலிவுட் படமொன்றில் வங்கிக் கொள்ளைக்காரி பான்னியாக நடித்த ஃபே டன்னவே பெரெட்டோடு வந்தார், கடைகளில் பெண்கள் அதைத் தேடிப் போனார்கள். அதற்கு முந்தைய ஆண்டு கலிபோர்னியாவில் தொடங்கிய, கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய கறுப்புச் சிறுத்தைகள் கட்சியினர் கறுப்புப் பெரெட்டும் தோல் சட்டையுமாகத் தெருவுக்கு வந்தார்கள். நாஜிகளை எதிர்த்த பிரெஞ்சுக்காரர்களைப் பற்றிய படம் பார்த்து எடுத்துக்கொண்டது என்பார்கள். ஓவியர்கள் அணிவது இன்னும் பழைய வழக்கம். ரெம்பிராண்ட் தன்னைத்தானே வரைந்த படங்களில் அணிந்திருக்கும் தொப்பி அவர் காலத்திலேயே வழக்கொழிந்தது. முந்தைய நூற்றாண்டின் பெரிய கலைஞர்களோடு தன்னையும் சேர்த்துக்காட்ட அப்படி வரைந்தார், பிறகு வந்தவர்கள் அவரைப் பார்த்து அணிந்தார்கள். எனக்குப் பிடித்த காரணம் ஜாஸ் இசைக்கலைஞர் டிஸி கில்லெஸ்பி சொன்னதுதான்: மற்றத் தொப்பிகள் எங்காவது தொலைந்துவிடுகின்றன, இதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்ளலாம்.

கொள்ளுத்தாத்தாவின் படத்துக்கு வருகிறேன். படத்தைப் பார்க்காமல் முடிவாகச் சொல்ல முடியாது. ஆனால் இந்திய தேசிய ராணுவத்தின் வழக்கமான தொப்பி பெரெட் அல்ல. நேதாஜி 1943இல் சிங்கப்பூரில் தலைமை ஏற்றபின் எடுத்த படங்களில் அவர் தலையிலும் ஜான்சி ராணிப் படைப் பெண்களின் தலையிலும் இருப்பது, நீளவாக்கில் தட்டையாக மடியும் தொப்பி. காந்தித் தொப்பியின் வடிவம்தான், துணி மட்டும் காக்கி. இரண்டு பக்கமும் மடிப்பு ஏறி உச்சியில் ஒரு கோடாகச் சேரும். உங்கள் படத்தில் அந்தக் கோடு தெரிந்தால் தம்பி சொல்வது தவறு.

தொப்பி வட்டமாக, வலப்பக்கம் சரிந்து, சின்னம் இடக்கண்ணுக்கு மேலே இருந்தால் விஷயம் வேறு. அது பிரிட்டிஷ் பாணி. அப்படியென்றால் படம் 1945 செப்டம்பரில் பிரிட்டிஷார் மலாயாவுக்குத் திரும்பி வந்த பிறகு எடுத்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். கொள்ளுத்தாத்தா நேதாஜியின் படையிலிருந்து வந்து பின்னர் வேறு சீருடையும் அணிந்தாரா என்று வீட்டுப் பெரியவர்களிடம் விசாரியுங்கள். தோட்டத்தில் வேலைக்குத் திரும்பியவர்களும் உண்டு, காவலுக்குச் சேர்ந்தவர்களும் உண்டு. படத்தைச் சட்டத்திலிருந்து எடுத்துப் பின்புறம் பாருங்கள். அக்கால ஸ்டுடியோக்கள் பெயரும் ஊரும் முத்திரை குத்துவது வழக்கம். எழுத்து மங்கியிருந்தால் பக்கவாட்டில் விளக்குப் பிடித்துப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். பெரியப்பாவுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். சின்னங்களை அடையாளம் காண்பதில் அவர் என்னைவிடத் தேர்ந்தவராக இருப்பார், தம்பியோடு பேசவும் ஒரு காரணம் கிடைக்கும்.

அன்புடன்,
ஜார்ஜ்டவுன், பினாங்கு