மாணவர்கள் ஒரு மியூசிக் வீடியோவை எப்படித் திட்டமிடுவது? மியூசிக் வீடியோ எதற்காக எடுக்கப்படுகிறது?

கேள்வி இது: "நாங்கள் ஐந்து பேர். பாடத்துக்காக மூன்றரை நிமிட மியூசிக் வீடியோ எடுக்க வேண்டும். கூடவே, மியூசிக் வீடியோக்கள் ஏன் எடுக்கப்படுகின்றன என்று ஒரு கட்டுரையும் தர வேண்டும். கையில் ஒரு கேமரா, ஒரு போன். எங்கிருந்து தொடங்குவது?"

கட்டுரையிலிருந்து தொடங்குங்கள். எல்லாரும் அதைக் கடைசி இரவுக்குத் தள்ளிவைப்பார்கள். மாணவனாக இருந்தபோது நானும் அப்படித்தான் செய்தேன், அதன் பலனை வீடியோவில் அனுபவித்தேன். எங்கள் முதல் வீடியோவில் ஒரு பையன் தெருவில் நடந்துகொண்டே இருப்பான், ஒரு பெண் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே இருப்பாள். நிறம் அழகு, வெளிச்சம் அழகு. ஆசிரியர் முழுவதும் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "இந்தப் பாட்டை எடுத்துவிட்டு வேறு பாட்டைப் போட்டால் என்ன மாறும்?" எங்களிடம் பதில் இல்லை, ஏனென்றால் எதுவும் மாறாது. அன்றிலிருந்து யாருடைய வீடியோ திட்டத்தைப் பார்த்தாலும் முதலில் அந்தக் கேள்வியைத்தான் போட்டுப் பார்க்கிறேன். உங்கள் இரண்டு கேள்விகளும் உண்மையில் இந்த ஒரே கேள்விதான்.

ஏன் எடுக்கிறார்கள்? மிகப் பழைய காரணம், பாடுகிறவர் எல்லா இடத்துக்கும் நேரில் போக முடியாது என்பதுதான். 1940களில் அமெரிக்காவில் காசு போட்டால் மூன்று நிமிடப் பாட்டுப் படம் ஓடும் பெட்டிகள் மதுக்கூடங்களிலும் உணவகங்களிலும் இருந்தன. அந்தப் படங்களுக்கு சவுண்டீஸ் என்று பெயர். 1966இல் பீட்டில்ஸ் குழு ஒவ்வொரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கும் நேரில் போவதை விட்டு, தங்கள் பாட்டுக்குக் குறும்படம் எடுத்து அனுப்பியது. இங்கிலாந்தில் இவற்றை வெகுகாலம் 'ப்ரோமோ' என்றே சொன்னார்கள். பெயரிலேயே காரணம் இருக்கிறது: இசைத்தட்டை விற்கும் விளம்பரம்.

1975இல் குயின் என்ற பிரிட்டிஷ் ராக் குழு தங்கள் 'பொஹீமியன் ராப்சடி' பாட்டுக்கு எடுத்த வீடியோவைக் கட்டுரையில் கட்டாயம் சேருங்கள். சில பேரின் குரல்களையே திரும்பத் திரும்பப் பதிவுசெய்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பாட்டு அது. மேடையில் நான்கு பேர் நின்று அந்த நடுப்பகுதியை அப்படியே பாட முடியாது. குழுவோ சுற்றுப்பயணத்தில். அதனால் சில மணி நேரத்தில் வீடியோ எடுத்துக் கொடுத்தார்கள். குரல்கள் அடுக்கப்படும் இடத்தில் திரையில் முகங்களும் பலவாகப் பெருகுகின்றன. பாட்டு எப்படிச் செய்யப்பட்டதோ அதையே படமும் செய்கிறது. எங்கள் ஆசிரியரின் கேள்வியை இந்த வீடியோவிடம் கேட்டால் உடனே பதில் வரும்: வேறு பாட்டுக்கு இது பொருந்தவே பொருந்தாது.

1981 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவில் மியூசிக் வீடியோக்களுக்கான எம்டிவி என்ற தொலைக்காட்சி அலைவரிசை தொடங்கியது. நாள் முழுதும் வீடியோ காட்ட வேண்டும், ஆனால் கையில் இருந்த வீடியோக்கள் குறைவு. ப்ரோமோ எடுக்கும் பழக்கம் ஏற்கனவே இருந்த பிரிட்டிஷ் குழுக்களுக்கு அது பெரிய வாய்ப்பாக அமைந்தது. வீடியோ இருப்பவர் தெரிவார், இல்லாதவர் தெரிய மாட்டார் என்ற நிலை வந்தது. அதற்கப்புறம் வீடியோவின் வேலை கூடியது. பாடகருக்கு ஒரு முகம், உடை, நடை, ஒரு உலகம் எல்லாவற்றையும் அது கட்டிக்கொடுக்கத் தொடங்கியது. 2005இல் யூடியூப் வந்த பிறகு வீடியோவே வருமானமும் ஆனது. இன்னொரு காரணம் மாணவர்களான உங்களுக்கு நெருக்கமானது: இயக்குநர்களுக்கு இது ஒரு பட்டறை. டேவிட் ஃபின்சர், ஸ்பைக் ஜோன்ஸ், மிஷெல் கோண்ட்ரி போன்றவர்கள் முழுநீளப் படத்துக்கு முன் மியூசிக் வீடியோக்களில்தான் கை தேர்ந்தார்கள்.

கட்டுரைக்குக் கோட்பாடு ஏதாவது வேண்டுமென்றால் ஊடக ஆய்வாளர் ஆண்ட்ரூ குட்வின் 1992இல் எழுதியதைத் தேடுங்கள். பாட்டின் வரிகளுக்கும் காட்சிக்கும் மூன்று வகை உறவு இருக்கலாம் என்று அவர் பிரிக்கிறார். வரி சொல்வதையே காட்டலாம், அதற்கு மேல் ஒரு பொருளைச் சேர்க்கலாம், அல்லது வரியோடு ஒட்டாமலே போகலாம். மாணவர் வீடியோக்களில் பெரும்பாலும் முதல் வகைதான் வருகிறது. 'மழை' என்று பாடினால் மழை, 'கண்ணீர்' என்று பாடினால் கண்ணீர். மூன்றரை நிமிடத்துக்கு அது தாங்காது. பார்ப்பவர் இரண்டாவது வரியிலேயே உங்களை முந்திவிடுவார்.

நம்மைப் போன்ற தமிழ் ரசிகர்களுக்கு இங்கே ஒரு சிக்கல் கூடுதலாக உண்டு. நாம் சினிமாப் பாட்டுப் பார்த்து வளர்ந்தவர்கள். சினிமாவில் பாட்டு வருவதற்கு முன்பே அந்த இருவரும் யார், ஏன் பிரிந்தார்கள் என்பது நமக்குத் தெரியும். மியூசிக் வீடியோவுக்கு முன்னாலும் பின்னாலும் படம் கிடையாது. கடற்கரையில் திரும்பிப் பார்க்கும் பெண் சினிமாவில் கதாநாயகி. உங்கள் வீடியோவில் அவள் வெறுமனே திரும்பிப் பார்க்கும் பெண். எங்கள் முதல் வீடியோ தோற்றதும் இங்கேதான்: இல்லாத ஒரு படத்தின் பாட்டை எடுத்துவிட்டோம்.

சரி, திட்டத்துக்கு வருவோம்.

முதல் நாள் கேமராவைத் தொடாதீர்கள். ஐந்து பேரும் உட்கார்ந்து பாட்டை இருபது முறை கேளுங்கள். ஒரு தாளில் நேரக்கோடு போட்டு முன்னிசை, பல்லவி, சரணம், இடையிசை எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்று நொடிக் கணக்கில் குறியுங்கள். எந்தக் கருவி எங்கே நுழைகிறது, எங்கே எல்லாம் அடங்கி ஒரு குரல் மட்டும் நிற்கிறது, பல்லவி மூன்றாவது முறை வரும்போது என்ன கூடியிருக்கிறது என்பதையும் எழுதுங்கள். வேகத்தையும் கண்டுபிடியுங்கள். நிமிடத்துக்கு 100 பீட், அதாவது தாள அடி, என்றால், மூன்றரை நிமிடத்தில் 350 பீட். ஒரு பீட் 0.6 நொடி. நொடிக்கு 25 ஃபிரேமில், அதாவது 25 தனிப் படங்களாக, எடுத்தால் ஒரு பீட்டுக்குச் சரியாக 15 ஃபிரேம். நான்கு பீட்டுக்கு ஒரு கட் என்று முழுப் பாட்டையும் வெட்டினால் ஏறக்குறைய 87 ஷாட் வேண்டும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகுதான் பல குழுக்களுக்குத் தாங்கள் எழுதிவைத்த 20 ஷாட் போதாது என்று தெரிகிறது.

பிறகு அந்தத் தாளுக்குக் கீழே ஒரே வாக்கியம் எழுதுங்கள்: இந்தப் பாட்டில் காதுக்கு மட்டும் தெரிகிற எதை நாம் கண்ணுக்குக் காட்டப்போகிறோம்? ஒரு குழுவுக்கு நான் உதவியபோது அவர்கள் பாட்டில் ஒரே மெட்டு திரும்பத் திரும்ப வந்தது, ஒவ்வொரு முறையும் ஒரு கருவி குறைந்துகொண்டே போனது. அவர்கள் ஒரு அறையை எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு பல்லவிக்கும் அதே கேமராக் கோணம், ஆனால் அறையில் ஒரு பொருள் குறைந்திருக்கும். கடைசிப் பல்லவியில் பாடும் பெண்ணும் நாற்காலியும் மட்டும். கதை என்று ஒன்றுமில்லை. செலவும் கிட்டத்தட்ட இல்லை. ஆனால் அந்தப் படத்தை வேறு பாட்டோடு ஓட்டவே முடியாது.

ஓகே கோ என்ற அமெரிக்க ராக் குழு 2006இல் டிரெட்மில் என்ற நடைப்பயிற்சி இயந்திரங்களை வைத்து எடுத்த வீடியோவும் இப்படித்தான். நான்கு பேர், எட்டு டிரெட்மில், அசையாத ஒரு கேமரா, நடுவில் நிறுத்தாமல் எடுத்த ஒரே டேக். கருவிக்குச் செலவழிக்காமல் ஒத்திகைக்கு நேரம் செலவழித்தார்கள். உங்களிடம் பணம் இல்லை, ஆனால் ஐந்து பேரின் நேரம் இருக்கிறது. அதை ஒத்திகையில் போடுங்கள்.

உரிமை விஷயத்தைப் பாட்டைத் தேர்ந்தெடுக்கும்போதே பார்த்துவிடுங்கள். ஒரு பாட்டில் இரண்டு உரிமைகள் உண்டு: இயற்றிய பாட்டுக்கு ஒன்று, அந்த ஒலிப்பதிவுக்கு ஒன்று. இரண்டும் வெவ்வேறு ஆட்களிடம் இருக்கலாம். இணையத்தில் ஏற்றினால் யூடியூபின் கன்டென்ட் ஐடி தானாகவே பாட்டை அடையாளம் கண்டு, உரிமையாளர் வைத்திருக்கும் விருப்பப்படி வீடியோவை முடக்கலாம் அல்லது வருமானத்தை அவருக்குத் திருப்பிவிடலாம். சில நிபந்தனைகளோடு எவரும் பயன்படுத்தலாம் என்று உரிமையாளரே விட்டுக்கொடுத்த கிரியேட்டிவ் காமன்ஸ் பாட்டு என்றாலும் கவனம் தேவை. 'மாற்றம் செய்யக் கூடாது' என்ற நிபந்தனை உள்ள பாட்டை வீடியோவோடு இணைப்பதும் மாற்றமாகவே கணக்கில் வரும். எனக்கு மிகவும் பிடித்த வழி, உங்கள் நண்பர் ஒருவர் சொந்தமாகச் செய்த, இன்னும் வெளியிடாத பாட்டை வாங்குவது. எழுத்தில் அனுமதி பெறுங்கள். அவருக்கு ஒரு வீடியோ கிடைக்கும், உங்கள் கட்டுரையின் 'ஏன்' என்ற கேள்விக்கும் உயிருள்ள ஒரு பதில் கிடைக்கும்.

படப்பிடிப்பில் அதிகம் சொதப்புவது உதட்டசைவுதான். எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். முதல் நாள் ஒருவர் போனில் இருந்த பாட்டை ஒலிக்கவிட்டு எடுத்தோம். இரண்டாம் நாள் இன்னொருவர் போன். அதில் இருந்தது அதே பாட்டின் வேறு பதிவு, நடுவில் ஒரு இடத்தில் ஒரு சுற்று கூடுதல். எடிட்டிங்கில் பாதி டேக் உதட்டோடு சேரவே இல்லை, திரும்ப எடுக்க நாளும் இல்லை. ஆகவே எடிட்டிங்கில் எந்த ஒலிக்கோப்பைப் போடப்போகிறீர்களோ அதே கோப்பை எல்லாப் போன்களிலும் வைத்துக்கொள்ளுங்கள். பாட்டுக்கு முன்னால் நான்கு 'டிக்' ஒலி சேர்த்துவிட்டால் பாடுகிறவருக்கு எங்கே தொடங்குவது என்று தெரியும், எடிட்டருக்கும் அதுவே அடையாளம். பாடுகிறவர் வாயை மட்டும் அசைக்காமல் சத்தமாகவே பாடட்டும். கழுத்து நரம்பும் மூச்சும் அப்போதுதான் உண்மையாகத் தெரியும். கேமராவின் சொந்த மைக்கையும் அணைக்காதீர்கள், அந்தக் கரடுமுரடான ஒலியை வைத்துத்தான் டேக்குகளைப் பாட்டோடு பொருத்துவோம். பல போன்கள் ஃபிரேம் வேகத்தைத் தாமாகக் கூட்டிக் குறைக்கும். வேகத்தைப் பூட்டிவைக்கும் கேமரா செயலி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

மெதுவாக அசையும் உடல், ஆனால் பாட்டோடு சரியாக ஒட்டும் உதடு. இதைப் பார்த்து மயங்காத மாணவர் கிடையாது. செய்வது எளிது. நொடிக்கு 50 ஃபிரேமில் எடுங்கள், பாட்டை இரட்டை வேகத்தில் ஒலிக்கவிட்டு அதே வேகத்தில் பாடச் சொல்லுங்கள். எடிட்டிங்கில் அதை நொடிக்கு 25 ஃபிரேமாக ஓடவிட்டு, பாட்டை அதன் இயல்பான வேகத்தில் சேர்த்தால் உதடு பாட்டோடு சேரும், தலைமுடியும் துணியும் மிதக்கும். இரட்டை வேகத்தில் பாடுவதற்கு மட்டும் நல்ல பழக்கம் வேண்டும்.

நேரக் கணக்கையும் முன்கூட்டியே போடுங்கள். பாடும் காட்சிக்கு நான்கு கோணம், ஒவ்வொன்றுக்கும் முழுப் பாட்டாக மூன்று டேக் என்றால், பாட்டு ஓடும் நேரமே 42 நிமிடம். டேக்குக்கு இடையில் ஐந்து நிமிடம், கோணம் மாற்ற அரை மணி என்று சேர்த்தால் ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆகிவிடும். கதைக் காட்சிகளை இதற்கு மேல்தான் வைக்க வேண்டும். லொக்கேஷன் மூன்று எழுதியிருந்தால் ஒன்றாக்குங்கள். அந்த இடத்தை, நீங்கள் எடுக்கப்போகும் அதே மணிக்கு ஒருமுறை போய்ப் பார்த்து, வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்று குறித்துவாருங்கள். அனுமதி, மின்சாரம், மழை வந்தால் ஒதுங்க இடம் ஆகியவற்றையும் அப்போதே கேட்டுவிடலாம்.

ஐந்து பேரில் இயக்குநர் ஒருவர், கேமராவுக்கு ஒருவர், பாட்டை ஒலிக்கவிட்டு டேக் எண் எழுத ஒருவர், உடையும் பொருளும் ஒவ்வொரு டேக்கிலும் ஒரேபோல் இருக்கிறதா என்று பார்க்க ஒருவர். ஐந்தாவது ஆள் எடிட்டர். அவர் படப்பிடிப்பு இடத்திலேயே இருக்கட்டும். எந்த வரிக்கு இன்னும் ஷாட் இல்லை என்று முதலில் உணர்பவர் அவர்தான். அன்றைய ஷாட்டுகளை வீட்டுக்குப் போவதற்கு முன்பே இரண்டு இடத்தில் நகல் எடுத்துவிடுங்கள்.

முதல் வரைவு எடிட் தயாரானதும், எங்கள் ஆசிரியர் வாயால் கேட்டதை நீங்கள் கையாலேயே செய்து பாருங்கள். எடிட்டிங் செயலியின் டைம்லைனில் உங்கள் பாட்டை அணைத்துவிட்டு, அதே வேகத்தில் உள்ள வேறொரு பாட்டைப் போட்டு ஓட்டுங்கள். எந்த இடங்களில் படம் புதுப் பாட்டோடும் சுகமாக ஓடுகிறதோ அந்த நொடிகளைக் குறித்துவைத்து, மறுபடி எடுக்கும் நாளில் அவற்றை முதலில் எடுங்கள்.