திருகோணமலைக்கு நன்னீர் மீன் காட்சியகம் தேவையா?

கடல் சூழ்ந்த ஊரில் குளத்து மீனைக் கண்ணாடிக்குள் வைத்தால் யார் பார்ப்பார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் ரவுண் பக்கம் போல. நான் உள்ளே, வயலும் குளமுமாக இருக்கும் தம்பலகாமம். தேவை என்றுதான் சொல்வேன், காரணம்தான் கொஞ்சம் வெட்கக்கேடு.

உயர்தரம் எடுத்த வருடம் வீட்டில் மீன் தொட்டி வைத்திருந்தேன். பாசி தின்னும் என்று கடையில் தந்த சக்கர் என்ற வெளிநாட்டு மீன் அப்போது விரல் நீளம். ஒரு சாண் தாண்டியதும் தொட்டி போதவில்லை. கொல்லவும் மனமில்லை. சொப்பிங் பையில் தண்ணீரோடு கட்டி, கந்தளாய்க் குளத்தில் கொண்டுபோய் விட்டேன். புண்ணியம் செய்த நினைப்பு வேறு.

சில வருடம் கழித்து, அதே குளத்தில் வலை போடும் மாமாவின் தங்கூசி (நைலோன் நூல்) வலையில் சக்கர். முள் விறைத்துவிட்டால் கழற்ற ஏலாது. மாமா குறட்டால் முள்ளை முறித்து, கண்ணி கண்ணியாக வலையை அறுத்தார். உடம்பு முழுக்க எலும்புத் தகடு, கத்தி இறங்காது.

"மருமகன், இது உங்கட ஆளோ?"

நான் விட்ட ஒன்றால்தான் குளம் கெட்டது என்று சொல்லவில்லை. ஒற்றை மீன் தனியே பெருகாது. ஆனால் என்னைப்போல எத்தனை பேர் சொப்பிங் பையோடு போனார்களோ. திலாப்பியாவும் 1952இல் வெளியிலிருந்து வந்ததுதானே என்று ஒருவர் வருவார். ஓம், வந்ததுதான். அதை விற்றுத்தான் மாமா மகளைப் படிப்பித்தார். சக்கரை யார் வாங்குவார்?

அமெரிக்காவில் 1992இல் திறந்த டென்னசி அக்குவாரியத்தில், மலை ஓடையிலிருந்து கடல்வரை ஆற்று மீன்களை வரிசையாகக் காட்டுகிறார்கள். ஆற்றில் இல்லாமல்போன ஸ்டர்ஜன் மீனைக் குஞ்சிலிருந்து வளர்த்துத் திரும்ப விடுகிறார்கள். அவர்கள் விடுவதும் நான் விட்டதும் ஒன்றா? 335 கிலோமீற்றர் ஓடிவந்து எங்கள் திருகோணமலைக் கொட்டியாரக்குடாவில் விழும் மகாவலி எங்களிடமும் இருக்கிறது. விரால், சுங்கான், பனையேறி என்று தமிழில் பெயர் எழுதிய கண்ணாடி முன்னால் பத்து வயதில் நின்றிருந்தால், அந்தப் பையை நான் கட்டியிருக்கமாட்டேன்.

நிலாவெளிக்கு வருகிறவர்கள் புறாத்தீவுச் சுறாவைப் படம்பிடித்துப் போடுவார்கள், கந்தளாய்க் குளத்தை பஸ் யன்னலால்கூடப் பார்ப்பதில்லை.

காய்ந்த சக்கர் ஒன்றை மாமா கொட்டில் வாசலில் தொங்கவிட்டிருக்கிறார். போன கிழமையும் அதை ஒரு தட்டுத் தட்டிக் காட்டிவிட்டுத்தான் எனக்குத் தேத்தண்ணி தந்தார்.